கையளவு இன்ஜின், விரல் பத்திரம்

வீட்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டரின் இன்ஜின் 110 சிசி. ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானங்களில் பரவலாகப் பொருத்தப்படும் ‘46’ ரக இன்ஜின் வெறும் 7.5 சிசி, உள்ளங்கையில் அடங்கிவிடும். ஸ்கூட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 8,000 சுற்றைத் தொட்டாலே அலறும். இந்தக் குட்டியோ 12,000 சுற்றைச் சாதாரணமாகத் தாண்டும். அதுவும் ஸ்கூட்டரில் சுழல்வதெல்லாம் மூடிக்குள் இருக்கிறது. இங்கே ப்ரொப்பெல்லர் வெட்டவெளியில், நம் விரலுக்கு நேரே சுழல்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. 10 அங்குல ப்ரொப்பெல்லர் 12,000 சுற்றில் ஓடினால் அதன் நுனி மணிக்கு ஏறக்குறைய 575 கி.மீ. வேகத்தில் போகிறது. நொடிக்கு 200 சுற்று, இரண்டு இதழ்கள். நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் விரல் உள்ளே மாட்டினால் 40 வெட்டு.

என்.சி.சி. விமானப் பிரிவு மாணவர்கள், ஏரோநாட்டிகல் படிப்பவர்கள், வார இறுதி ஆர்வலர்கள் எனப் பலரும் இந்த இன்ஜின்களைக் கையாள்கிறார்கள். ‘பொம்மை விமானம்’ என்று பெயர் வாங்கிவிட்டதால், ஒரு கிரைண்டருக்குக் கொடுக்கும் மரியாதைகூட இதற்குக் கிடைப்பதில்லை. ஆனால் சட்டம் இதைப் பொம்மையாகப் பார்ப்பதில்லை. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்களுக்குத்தான் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். எனவே அந்த முத்திரையைத் தேடி இந்த இன்ஜினை வாங்க முடியாது. காப்பு நம் கையில்தான் இருக்கிறது.

நிறுத்தச் சாவி இல்லை

இந்த ரக இன்ஜினுக்கு ‘க்ளோ இன்ஜின்’ என்று பெயர். இதில் பொறி கக்கும் ஸ்பார்க் பிளக் கிடையாது. க்ளோ பிளக்குக்குள் பிளாட்டினம் கலந்த ஒரு சுருள் கம்பி இருக்கும். 1.5 வோல்ட் பேட்டரியை வைத்துச் சூடாக்கினால் அது பழுக்கும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் பேட்டரியை எடுத்துவிடலாம். எரியும் சூடும், பிளாட்டினத்தோடு மெத்தனால் புரியும் வேதிவினையும் கம்பியைத் தொடர்ந்து பழுக்கவைக்கும்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. அணைக்க சுவிட்ச் இல்லை, திருப்பச் சாவி இல்லை. காற்றையோ எரிபொருளையோ நிறுத்தினால்தான் நிற்கும். ஆகவே ஓட்டுவதற்கு முன்பே, ரிமோட்டில் த்ராட்டிலை முழுதாக இறக்கினால் கார்புரேட்டர் அடைபடுகிறதா என்று பாருங்கள். அது தவறினால் கிள்ளி நிறுத்த எரிபொருள் குழாய் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ரிமோட் தொடர்பு அறுந்தால் த்ராட்டில் தானாக மூடும்படி ரிசீவரின் ‘ஃபெயில்சேஃப்’ அமைப்பைச் சரிசெய்து வையுங்கள்.

விரலால் சுண்டி ஸ்டார்ட் செய்வதை வீரமாக நினைக்க வேண்டாம். குச்சியோ எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டரோ போதும். ஓடத் தொடங்கியதும் பின்பக்கம் வந்து நின்று, எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடிலைத் திருகுங்கள். ப்ரொப்பெல்லருக்குப் பக்கவாட்டில் யாரும் நிற்கக் கூடாது. இதழ் உடைந்தால் அந்தத் திசையில்தான் பறக்கும். நுனியில் சிறு வெட்டு விழுந்த ப்ரொப்பெல்லரை ஒட்டவோ தேய்க்கவோ வேண்டாம், குப்பையில் போடுங்கள். தொளதொள சட்டைக் கை, துப்பட்டா, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எதுவும் அருகில் வரக் கூடாது.

விரல் துண்டானால், துண்டைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேரடியாகத் துண்டில் படக் கூடாது. காயத்தை அழுத்திக் கட்டிக்கொண்டு 108-ஐ அழையுங்கள். கை அறுவை சிகிச்சைக்கென்றே பெயர்பெற்ற பிரிவு சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் தங்கள் ஊரில் அந்த வசதி எங்கே என்று இப்போதே விசாரித்து வைப்பது நல்லது.

ரோஸ்மில்க் நிறத்தில் விஷம்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த மெத்தனால்தான் இந்த எரிபொருளின் பெரும்பகுதி. மீதி, ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஆமணக்கெண்ணெய் அல்லது செயற்கை எண்ணெய், கொஞ்சம் நைட்ரோமீத்தேன். அடையாளத்துக்காகச் சாயம் சேர்ப்பதால் பார்க்க ரோஸ்மில்க் போலவும் இருக்கும், பச்சை சர்பத் போலவும் இருக்கும். இதைத் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைப்பதைவிடப் பெரிய தவறு இந்தப் பொழுதுபோக்கில் இல்லை. 10 மில்லி மெத்தனால் பார்வையைப் பறிக்கப் போதும். 30 மில்லி உயிரையே எடுக்கலாம்.

குடித்த உடனே பெரிதாக ஒன்றும் தெரியாது. பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழித்தே வாந்தி, வயிற்றுவலி, கண்மங்கல் வரும். ‘நன்றாகத்தானே இருக்கிறான்’ என்று காத்திருப்பது உயிருக்கு உலை வைக்கும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எரிபொருள் கேனையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். மாற்று மருந்தும் டயாலிசிஸும் நேரத்தோடு கிடைத்தால் பிழைக்க வழியுண்டு. தில்லி எய்ம்ஸ் நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. மெத்தனால் தோல் வழியாகவும் உடலில் ஏறும் என்பதால் எரிபொருள் ஊற்றும்போது நைட்ரைல் கையுறை அவசியம்.

மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. காற்று அலைவது போலத் தோன்றினாலோ, அனல் அடித்தாலோ எரிகிறது என்று கொள்ளுங்கள். பவுடர் தீயணைப்பானும் ஒரு வாளி தண்ணீரும் பக்கத்தில் இல்லாமல் இன்ஜினைத் தொட வேண்டாம். மூடிய அறையில் ஓட்டினால் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு மயக்கிச் சாய்த்துவிடும்.

காசு மிச்சம் பிடிக்க எரிபொருளை வீட்டிலேயே கலக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. நைட்ரோமீத்தேன் தவறான பொருளோடு சேர்ந்தால் வெடிக்கக்கூடியது. மெத்தனாலை வாங்குவதும் வைத்திருப்பதும் விற்பதும் தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் உரிமக் கட்டுப்பாட்டில் உள்ளவை. சீல் உடையாத கேனில், பில்லோடு, உரிமம் உள்ள விற்பனையாளரிடம் மட்டும் வாங்குங்கள். இந்த எரிபொருளை விமானப் பயணப் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லவும் அனுமதியில்லை.

புதுசைப் பழக்குவது

புது இன்ஜினை வைஸில் கிராங்க் கேஸோடு சேர்த்துக் கவ்வாதீர்கள், நெளிந்துவிடும். தாங்கும் காதுகளில் போல்ட் போட்டு, கனமான பலகையில் இறுக்குங்கள். எரிபொருள் டேங்கின் நடுக்கோடு நீடிலின் மட்டத்திலோ சற்றுக் கீழோ இருக்கட்டும். நீடிலை எத்தனை சுற்று திறப்பது என்பதைக் கையேடு சொல்லும்.

இந்த இன்ஜினுக்குத் தனி ஆயில் கிடையாது. எரிபொருளில் கலந்த எண்ணெய்தான் உயவு. அதனால் ‘லீனாக’ ஓட்டினால், அதாவது எரிபொருளைக் குறைத்துக் காற்றைக் கூட்டினால், சூடு ஏறுவதோடு எண்ணெயும் குறைகிறது. பிஸ்டன் லைனரில் கடித்துக்கொள்ளும். சைலன்ஸரில் வெள்ளைப் புகைக்கோடு தெரிந்தால் பயமில்லை. முழு வேகத்தில் எரிபொருள் குழாயை ஒரு கணம் கிள்ளிப் பாருங்கள். வேகம் லேசாகக் கூடிப் பிறகு தணிந்தால் அளவு சரி. உடனே தளர்ந்தால் நீடிலைத் திறக்க வேண்டும். பிறகு ஒருவர் விமானத்தைப் பின்னாலிருந்து பிடித்து மூக்கை வானம் பார்க்க நிமிர்த்தட்டும். அப்போதும் இன்ஜின் சோராமல் ஓடினால்தான் பறக்கவிடலாம்.

மாலையில் பூட்டி வைக்கும்போது டேங்கில் மிச்சம் இருக்கக் கூடாது. மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். எரிந்த மிச்சம் அமிலமாகி பேரிங்கைத் துருப்பிடிக்கச் செய்யும். கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். குழாயைக் கழற்றி, உள்ளே இருப்பதை ஓட்டித் தீர்த்து, கார்புரேட்டரில் சில சொட்டு பாதுகாப்பு ஆயில் விட்டு, பிளக் பேட்டரி இல்லாமல் சுற்றிவிடுங்கள். நாட்பட்ட ஆமணக்கெண்ணெய் பசையாகி இறுகிவிட்டால் ஹேர் ட்ரையரால் இளக்கலாம். சைலன்ஸர் துளையில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் இன்ஜின் அதோடு போயிற்று.

எங்கே பறக்கவிடலாம்?

‘டிரோனுக்குத்தான் சட்டம், நம்முடையது விமானம்’ என்று சொல்லித் தப்ப முடியாது. 2021 டிரோன் விதிகள் மாடல் விமானங்களையும் சேர்த்தே பேசுகின்றன. 25 கிலோவுக்கு மிகாமல், கல்வி, ஆய்வு, பொழுதுபோக்குக்காக, கண்பார்வைக்குள் பறப்பவற்றுக்கு ‘மாடல்’ என்று தனிப் பெயரும் அங்கே உண்டு. இவற்றுக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் பதிவு எண், பறக்கும் மண்டலம், காப்பீடு ஆகியவை பற்றிய விதிகள் பொருந்தும். 2 கிலோ வரை வணிக நோக்கமின்றிப் பறக்கவிட ரிமோட் விமானி சான்றிதழ் வேண்டாம். 46 ரக இன்ஜின் பொருத்திய விமானம் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும் என்பதால் முதலில் தராசில் நிறுத்துப் பாருங்கள். அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள், பச்சை மண்டலத்தில் உள்ள தங்கள் வளாகத்துக்குள் ஆய்வுக்காகப் பறக்கவிட விலக்கு உண்டு.

பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடிதான். அதற்கும் உள்ளே அனுமதியின்றிக் கூடாது. பல்லாவரம், குரோம்பேட்டை மைதானங்கள் எவ்வளவு காலியாகக் கிடந்தாலும் மீனம்பாக்கம் விமான நிலையத்தின் நிழலில்தான் இருக்கின்றன. ‘டிஜிட்டல் ஸ்கை’ வரைபடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். விதியை மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகும். விபத்து நடந்தால் 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். 250 கிராமைத் தாண்டிய எதற்கும் மூன்றாம் நபர் காப்பீடு தேவை. இன்ஜின் சத்தம் பற்றி அக்கம்பக்கத்தார் புகார் செய்தால் அது அவர்கள் உரிமை. குடியிருப்புப் பகுதியில் பகல்நேர ஒலி வரம்பு 55 டெசிபல்.

ஏமாந்தால் என்ன வழி?

பெட்டியைப் பிரித்தால் பேரிங் சொரசொரக்கிறது. இரண்டாம் ஓட்டத்திலேயே கனெக்டிங் ராடு முறிகிறது. கடைக்காரர் ‘நீங்கள் தப்பாக ஓட்டினீர்கள்’ என்கிறார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, ஒரு நிபந்தனையோடு. பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றி அமைத்திருந்தாலோ விற்றவர் பொறுப்பிலிருந்து நழுவ அதே சட்டத்தில் இடமுண்டு. வேகம் கூட்ட அரம் போட்டுத் துளையைப் பெரிதாக்கியவர் தன் வழக்கையும் சேர்த்தே அராவிவிடுகிறார்.

இணையத்தில் வாங்கியிருந்தால் முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றதற்கு ஒப்புகையும், ஒரு மாதத்தில் தீர்வும் தர வேண்டியது அவர் கடமை. பலனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லையென்றால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே முறிந்த இன்ஜினை எறியவோ, லேத் பட்டறையில் கொடுத்துப் பிரிக்கவோ வேண்டாம். அப்படியே பொட்டலம் கட்டி வையுங்கள்.

இன்னொரு ஆர்வலரிடம் பழைய இன்ஜின் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. அவர் வியாபாரி அல்ல. காசு கொடுக்கும் முன் பிளக்கோடு கையால் சுற்றி அழுத்தம் பாருங்கள், பேரிங்கின் ஓசையைக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று: ஒரு நாற்பது பக்க நோட்டு. வாங்கிய தேதி, எரிபொருளின் பெயர், பழக்கிய நேரம், நீடில் எத்தனை சுற்று, மாற்றிய பிளக், பூட்டும்போது விட்ட ஆயில் எல்லாவற்றையும் அதில் எழுதுங்கள். பில்லை முதல் பக்கத்தில் ஒட்டுங்கள். லீனாகப் போவதை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதும் அந்த நோட்டுதான். ‘தப்பாக ஓட்டினீர்கள்’ என்று கடைக்காரர் சொல்லும்போது ஆணையத்தின் மேசையில் நீங்கள் எடுத்து வைக்கக்கூடியதும் அதே நோட்டுதான்.