பிளேடு உதைத்தால் விரல் போச்சு!
பட்டறையில் காணாமல் போகும் ஒரு தகடு

கோவை கணபதி பக்கம் பம்ப் வார்ப்படத்துக்கு மரத்தில் 'பேட்டர்ன்' செய்யும் பட்டறைகள். கதவு, ஜன்னல், கட்டில் பட்டறைகளோ ஊர் முழுக்க. எங்கே போனாலும் மேஜை நடுவே பல்லைக் காட்டி நிற்கிறது வட்ட ரம்பம்.

"பாத்துத் தள்ளோணுமுங்க, உதைச்சுப் போடும்!" என்பது ஆசாரிகள் பேச்சு.

உதைப்பது எப்படி? பிளேடின் முன்பல் கீழே இறங்கி மரத்தை அறுக்கிறது. பின்பல் மேலே ஏறுகிறது. காயாத மரம், முறுக்கு விழுந்த பலகை என்றால் அறுத்த வாய் பின்னால் மூடி, பிளேடைக் கவ்வும். அவ்வளவுதான், பின்பல் பலகையைத் தூக்கித் தள்ளுகிறவர் மேலேயே வீசிவிடும்.

10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 2,880 சுற்று சுற்றினால் பல்லின் வேகம் மணிக்குச் சுமார் 138 கிலோ மீட்டர். அவினாசி ரோட்டில் எந்த பஸ்சும் இந்த ஓட்டம் ஓடாது! பலகை வயிற்றில் அடிப்பது ஒரு பக்கம். அதை அழுத்திக்கொண்டிருந்த கை, பிடிமானம் போய் பிளேடு மேல் விழுகிறதே, அங்கேதான் விரல் போகிறது. "கவனம் வேண்டாமா?" என்று ஆளைத் திட்டிப் பயனில்லை. கண் இமைப்பதற்குள் முடிகிற காரியம்.

தகடு எங்கே?

இதைத் தடுப்பது பிளேடுக்குப் பின்னால் நிற்கும் மெல்லிய இரும்புத் தகடு. அறுத்த வாயை மூடவிடாது. காடி எடுக்க இடைஞ்சல் என்று ஒருநாள் கழற்றுவார்கள். அப்புறம் அது மூலையில் கிடக்கும். மோட்டாரும் பெல்ட்டும் வைத்து உள்ளூரில் செய்த மேஜை சிலவற்றில் தகடே கிடையாது.

ஆபத்தான எந்திர பாகத்துக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. ஆனால் கரண்டில் ஓடும் பட்டறையில் 10 பேராவது இருந்தால்தான் அது தொழிற்சாலை என்றது அதே சட்டம். முதலாளி, 2 ஆசாரி, ஒரு எடுபிடி. இவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்?

அமெரிக்காவில் ஸ்டீவ் காஸ் என்பவர் 1999-ல் ஒரு ரம்பம் கண்டுபிடித்தார். விரல் பட்டால், ஒரு செகண்டை 200 கூறு போட்டதில் ஒரு கூறு நேரத்தில் பிளேடு நின்றுவிடும். அந்த விலை சின்னப் பட்டறைக்குக் கட்டாது. தகடு அப்படியல்ல. பிளேடைவிடத் தடிமனாக, அறுத்த வாயைவிட மெல்லிசாக இருந்தால் சரி. அதைச் செய்ய கோவையில் பட்டறைக்கா பஞ்சம்?

விரல் துண்டானால்...

கையில் சுத்தமான துணியை வைத்து அழுத்தி, உயர்த்திப் பிடிக்க வேண்டும். துண்டான விரலை நேராக ஐஸில் போடுவது பெரிய தப்பு. ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸில் வைக்க வேண்டும். ஒட்டுகிற டாக்டர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். 1978-ல் தொடங்கிய கங்கா ஆஸ்பத்திரி கை ஆபரேஷனுக்கு வெளிநாட்டிலும் பெயர் பெற்றது. ஆளை மட்டும் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, விரலை மரத்தூளில் விட்டுவிட்டு வந்தால் அவர்களும் என்ன செய்வார்கள்?