எந்தத் தடத்தைக் காப்பது?

ஓர் ஊருக்கு மின்சாரம் வரும் தடங்களுள் ஒன்றை மட்டும் காவல் காக்க நம்மிடம் ஆள் இருக்கிறது. எதைக் காப்பது? "பெரிய தடத்தைத்தான், இதற்கு ஒரு கணிதமா?" என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம், நண்பர்களே.

மின் உற்பத்தி நிலையத்திலிருந்து துணை மின்நிலையத்துக்கு இரண்டு தடங்கள். ஒவ்வொன்றும் 5 மெகாவாட் தாங்கும். அங்கிருந்து ஊருக்கு மூன்று தடங்கள்: 6, 2, 2. ஆக ஊருக்குக் கிடைப்பது 10. (நிலையங்களுக்குக் காவல் உண்டு என்று வைத்துக்கொள்வோம்.) பகைவன் ஒரே ஒரு தடத்தை வெட்ட வல்லவனாயின் 6-ஐத்தான் வெட்டுவான், ஊருக்கு 4 மிஞ்சும். இரண்டை வெட்ட வல்லவனாயின்? 6-ஐயும் ஒரு 2-ஐயும் வெட்டினால் இன்னும் 2 மிஞ்சுகிறது. ஆனால் பெரிய தடத்தைத் தொடாமலே இரண்டு 5-களையும் வெட்டிவிட்டால், ஊரே இருள்! ஆதலால் 6-இன் பக்கத்தில் நிறுத்திய காவலன் வீண். ஒரு 5-ஐக் காத்தாலோ, அவன் எந்த இரண்டை வெட்டினாலும் 2 மெகாவாட்டாவது வரும். மருத்துவமனை விளக்கு எரியும்.

ஐந்து தடங்களுக்குத் தாளும் பென்சிலும் போதும். ஆயிரம் தடங்கள் இருந்தால், இரண்டை வெட்டும் விதங்களே 4,99,500. எனவே இதை மூன்று காய் நகர்த்தலாக எழுதுகிறார்கள்: நாம் காக்கிறோம், அதைப் பார்த்துவிட்டுப் பகைவன் தாக்குகிறான், மிஞ்சியதைக் கொண்டு நாம் மின்சாரத்தைத் திருப்பி விடுகிறோம். பகைவனுக்கு எல்லாம் தெரியும் என்று கொள்வது மிகை என்பாருண்டு. காவல் கணக்கில் அந்த மிகையே எனக்குச் சரியாகப் படுகிறது.

வேடிக்கை என்னவெனில், இக்கணிதம் தாக்குவதற்காகப் பிறந்தது. 1955-இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் ஹாரிஸ், ராஸ் இருவரும் சோவியத் இரயில் பாதைகளை 44 புள்ளிகளும் 105 இணைப்புகளுமாக வரைந்து, எங்கே அறுத்தால் கிழக்கு ஐரோப்பாவுக்குச் சரக்குப் போகாது என்று கணக்கிட்டனர். 1999 வரை அவ்வறிக்கை இரகசியம். ஒரு வலையில் ஓடக்கூடிய மிகுதியான ஓட்டமும், அதை அறுக்கும் மிகக் குறைந்த வெட்டின் அளவும் ஒன்றே என்ற தேற்றத்தை ஃபோர்டும் ஃபல்கர்சனும் 1956-இல் வெளியிட்டனர். அதே தேற்றம் காப்பவனுக்கும் வழி காட்டுகிறது.

2013 ஏப்ரலில் கலிபோர்னியாவின் மெட்காஃப் துணை மின்நிலையத்தில் எவரோ துப்பாக்கியால் சுட்டு 17 டிரான்ஸ்பார்மர்களைப் பழுதாக்கினர். ஆயினும் பெரிய மின்வெட்டு நேரவில்லை. மின்சாரத்தை வேறு தடங்களில் திருப்பி விட்டார்கள். நம் கணக்கின் மூன்றாம் நகர்த்தல் அதுதான்.