பொதுப்பெயர் மருந்து வேறு, கலவை மருந்து வேறு: எடைக்குறைப்பு ஊசிகள் குறித்துச் சில தெளிவுகள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் காய்ச்சல் வந்தால் எவரும் பரசிட்டமோல் கேட்பதில்லை, பனடோல்தான் கேட்கிறார்கள். அரச வைத்தியசாலையில் கடதாசி உறையில் இட்டுத் தரும் வெள்ளைக் குளிசையும், கடையில் பளபளக்கும் அட்டையில் விற்கும் குளிசையும் ஒரே மருந்துதான் என்று அறிந்தவர்கள்கூட, "கடைக் குளிசைக்குத்தான் காய்ச்சல் கேட்கும்" என்று சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். பரசிட்டமோல் என்பது பொதுப்பெயர். பனடோல் என்பது ஒரு நிறுவனம் தன் தயாரிப்புக்குச் சூட்டிய வர்த்தகப் பெயர். காய்ச்சல் குளிசையின் விடயத்தில் இந்தக் குழப்பத்தால் சில ரூபாய்கள் வீணாவதோடு சரி. ஆனால் உடல் எடையைக் குறைக்கும் புதிய ஊசி மருந்துகளின் விடயத்தில் அதே குழப்பம் உயிராபத்தாகவும் முடியலாம். எனவேதான் இதனைச் சற்று விரிவாக எழுத முற்படுகிறோம்.

முதலில் மருந்துகளைப் பார்ப்போம். எடைக்குறைப்புக்கென நீண்ட காலமாகப் பாவனையில் இருப்பது ஒர்லிஸ்டற் என்னும் கூட்டுக்குளிசை. உணவிலுள்ள கொழுப்பின் ஒரு பகுதியை உடல் உறிஞ்சாது தடுப்பதே அதன் வேலை. அதன் பயன் மிதமானது. அடுத்து வந்தவை, உணவு உண்டபின் குடலில் சுரக்கும் ஓர் ஓமோனைப் போலச் செயற்படும் ஊசிகள். நாள்தோறும் ஏற்றும் லிரகுளூட்டைட், வாரம் ஒருமுறை ஏற்றும் செமகுளூட்டைட், டிர்செபடைட் ஆகியன அவை. 2021 இல் வெளியான ஆய்வொன்றில், செமகுளூட்டைட் ஏற்றியவர்கள் 68 வாரங்களில் சராசரியாக உடல் எடையில் 14.9 சதவீதத்தை இழந்தனர். வெற்று ஊசி ஏற்றியவர்கள் இழந்தது 2.4 சதவீதம் மட்டுமே. 2022 இல் வெளியான டிர்செபடைட் ஆய்வில், உயர்ந்த அளவு ஏற்றியவர்களின் இழப்பு 20.9 சதவீதத்தை எட்டியது. அதுவரை எந்த எடைக்குறைப்பு மருந்தும் காட்டியிராத விளைவுகள் இவை.

ஒரே மருந்துக்கு இரண்டு வர்த்தகப் பெயர்கள் இருப்பதும் உண்டு. டென்மார்க்கின் நோவோ நோர்டிஸ்க் நிறுவனம் செமகுளூட்டைட்டை நீரிழிவுக்கு ஒசெம்பிக் என்றும் எடைக்குறைப்புக்கு வெகோவி என்றும் விற்கிறது. முன்னையது அமெரிக்காவில் 2017 டிசெம்பரிலும் பின்னையது 2021 ஜூனிலும் அனுமதி பெற்றன. எலி லில்லி நிறுவனத்தின் மவுன்ஜாரோவும் செப்பவுண்டும் டிர்செபடைட்டின் இரண்டு பெயர்களே. பெயர் மாறினாலும் பொருள் மாறவில்லை. மாறுவன அளவும் விலையுமே. பெயரறியாத ஒருவர் இரண்டையும் வெவ்வேறு மருந்தென எண்ணி ஒருங்கே ஏற்றிக்கொள்ளவும் இடமுண்டு.

விலை ஏன் இவ்வளவு? 2024 இல் அமெரிக்காவில் வெகோவியின் பட்டியல் விலை மாதமொன்றுக்கு 1,349 டொலராக இருந்தது. அவ்வாண்டு மார்ச்சில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர் உள்ளிட்ட ஒரு குழுவினர் வெளியிட்ட கணிப்பின்படி, ஒரு மாதத்துக்குரிய செமகுளூட்டைட்டை இலாபமும் சேர்த்து 0.89 முதல் 4.73 டொலருக்குள் தயாரித்துவிடலாம். இடைவெளி முழுவதையும் ஆராய்ச்சிச் செலவு என்று கூறிவிட முடியாது. காப்புரிமை உள்ளவரை போட்டியில்லை, போட்டியில்லாதவரை விலை இறங்காது என்பதே இதன் சூத்திரம். பாக்கு நீரிணைக்கு அப்பால், இந்தியாவில் செமகுளூட்டைட்டின் காப்புரிமைக்கு 2026 மார்ச் மாதமே எல்லை. இந்த மருந்துகளின் பொதுப்பெயர் வடிவங்கள் கேள்விப்படாத புதுமையும் அல்ல. லிரகுளூட்டைட்டின் பொதுப்பெயர் வடிவமொன்று 2024 டிசெம்பரில் அமெரிக்காவில் நீரிழிவுக்கென அனுமதி பெற்றது. எடைக்குறைப்புக்கான வடிவம் 2025 ஓகஸ்டில் அனுமதி பெற்றது.

பொதுப்பெயர் மருந்து என்றவுடன் "மலிவு மருந்து" என்று முகஞ்சுளிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. உண்மையில் உலகுக்கு இவ்விடயத்தில் வழிகாட்டிய நாடு இலங்கை என்பதை நாமே மறந்துவிட்டோம். பேராசிரியர் சேனக பிபிலே 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதலாவது தலைவரானார். சந்தையில் இருந்த ஏறத்தாழ 2,100 மருந்துகளின் பட்டியல் சுமார் 600 ஆகச் சுருக்கப்பட்டது. மருந்துகள் பொதுப்பெயரில், உலகளாவிய கேள்விப்பத்திரம் மூலம் கொள்வனவு செய்யப்பட்டன. பன்னாட்டு நிறுவனங்கள் இதை எளிதில் விட்டுவிடவில்லை. 1974 இல் வாந்திபேதி பரவியபோது, கூட்டுத்தாபனம் மலிவாகக் கொள்வனவு செய்த டெட்ராசைக்கிளின் மூலப்பொருளைக் கொண்டு குளிசை செய்துதர ஃபைசர் நிறுவனம் மறுத்ததும், பின்னர் மருந்தைப் பெருஞ்செலவில் விமானத்தில் வரவழைக்க நேர்ந்ததும் பதிவாகியுள்ளன. பிபிலே 1977 இல் கயானாவில் காலமானார். அதே ஆண்டிலேயே உலக சுகாதார ஸ்தாபனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. 2025 செப்டெம்பரில் அதே பட்டியலில் செமகுளூட்டைட்டும் டிர்செபடைட்டும் சேர்க்கப்பட்டன. ஆயினும் அது அழகுக்காக மெலிய விரும்புவோருக்காக அன்று. நீரிழிவோடு இதய நோயோ சிறுநீரக நோயோ உடற்பருமனோ கூடியவர்களுக்காக.

பொதுப்பெயர் மருந்து கண்ணை மூடிக்கொண்டு நம்பத்தக்கது என்று நாம் சொல்ல வரவில்லை. அதே மூலப்பொருள், அதே அளவு, அதே தூய்மை என்பதைத் தயாரிப்பாளர் நிரூபித்த பின்னரே ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை அதனைப் பதிவு செய்ய வேண்டும். செமகுளூட்டைட் போன்ற பெரிய மூலக்கூறுகளில் இந்தப் பரிசோதனை பரசிட்டமோலைவிடக் கடினமானது. 2023 இல் நமது நாட்டையே உலுக்கிய இம்யூனோகுளோபியூலின் விவகாரத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். போலி ஆவணங்களின் பேரில் தரமற்ற ஊசிமருந்து அரச வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்டதாக எழுந்த அந்த விவகாரத்தில், சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024 பெப்ரவரியில் கைதுசெய்யப்பட்டார். அதைக் கண்டு "பொதுப்பெயர் மருந்தே வேண்டாம்" என்போர் தவறான பாடத்தைப் படிக்கிறார்கள். அங்கு தோற்றது மலிவு விலை அன்று, மேற்பார்வை. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிறுவப்பட்ட தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை எதற்காக உள்ளதோ, அந்தக் காவலைத் தாண்டி மருந்து உள்ளே வந்ததே குற்றச்சாட்டின் சாரம்.

இனி மூன்றாவது வகைக்கு வருவோம். கலவை மருந்து என்றால் நமது முதியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வீட்டிலிருந்து வெறும் போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குச் சென்றால், அப்போதிக்கரி எழுதிக் கொடுத்ததைக் கொம்பவுண்டர் அளந்து கலந்து ஊற்றித் தருவார். அந்த மிக்சரை எந்த நிறுவனமும் பதிவு செய்யவில்லை. அதற்குப் பொறுப்பு கலந்தவரின் கையும் கண்ணும் நேர்மையுமே. ஒரு குழந்தைக்குக் குளிசையை விழுங்க முடியாதபோதோ, ஒருவருக்கு ஒரு சேர்மானம் ஒவ்வாதபோதோ இக்கலை இன்றும் அவசியமானது.

அமெரிக்காவில் நடந்தது வேறு. 2022 முதல் இந்த ஊசிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. தட்டுப்பாட்டுக் காலத்தில் கலவை மருந்தகங்கள் அங்கீகரிக்கப்பட்ட மருந்தை ஒத்ததைக் கலந்து விற்க அந்நாட்டுச் சட்டம் இடமளித்தது. அந்த வாசலால் பெரும் வணிகமே உள்ளே புகுந்தது. டிர்செபடைட்டின் தட்டுப்பாடு 2024 டிசெம்பரிலும், செமகுளூட்டைட்டின் தட்டுப்பாடு 2025 பெப்ரவரியிலும் நீங்கியதாக அந்நாட்டு உணவு மற்றும் ஔடத நிர்வாகம் அறிவித்து, தொகையாகக் கலந்து விற்பதை நிறுத்தக் காலக்கெடு விதித்தது. இக்கலவைகள் பொதுப்பெயர் மருந்துகள் அல்ல. தரம், பாதுகாப்பு, பயன் எதையும் அந்நிர்வாகம் விற்பனைக்கு முன் சோதிக்கவில்லை. சிலவற்றில் இருந்தது அங்கீகரிக்கப்பட்ட செமகுளூட்டைட்டே அன்று, அதன் உப்பு வடிவம்.

இதைவிடப் பெரிய ஆபத்து அளவில் இருந்தது. வர்த்தகப் பெயர் மருந்துகள் பெரும்பாலும் அளவு குறிக்கப்பட்ட பேனா வடிவில் வருகின்றன. கலவை மருந்தோ குப்பியில் வருகிறது. நோயாளியே சிரிஞ்சில் இழுத்து ஏற்ற வேண்டும். இன்சுலின் ஏற்றும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம் என்பதால் இதைக் கணக்காகவே சொல்கிறோம். இன்சுலின் சிரிஞ்சில் 100 கோடுகள் சேர்ந்தால் ஒரு மில்லிலீற்றர். அந்தக் கோட்டைத்தான் "யூனிட்" என்கிறோம். அது இன்சுலினுக்கென வகுத்த அளவே தவிர, செமகுளூட்டைட்டுக்கு உரியதன்று. செமகுளூட்டைட்டின் தொடக்க அளவு வாரத்துக்கு 0.25 மில்லிகிராம். மில்லிலீற்றரில் 5 மில்லிகிராம் கொண்ட குப்பியெனில் இழுக்க வேண்டியது 5 கோடு மட்டுமே. "0.25" என்பதை மில்லிலீற்றர் என வாசித்து 25 கோடு இழுத்தவருக்கு ஐந்து மடங்கு மருந்து ஏறிவிடும். சிரிஞ்சை நிரப்பிவிட்டவருக்கு இருபது மடங்கு. இது நமது கற்பனையன்று. 5 முதல் 20 மடங்கு வரை மருந்தேற்றிக்கொண்டு, சிலர் வைத்தியசாலைவரை சென்றதாக 2024 ஜூலையில் அமெரிக்க நிர்வாகம் எச்சரித்தது. இம்மருந்தின் அரைவாசி உடலிலிருந்து நீங்கவே ஏறத்தாழ ஒரு வாரம் செல்லும். முறிமருந்தும் கிடையாது. வாந்தி நின்றதா என்று நாட்கணக்கில் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

குடாநாட்டுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் உறவினர் இல்லாத வீடு இங்கு அரிது. பயணப் பெட்டியில் சொக்கிலேற்றோடு மருந்தும் வருவது நமக்குப் பழகிய காட்சி. யுத்த காலத்தில், மருந்துக்கும் கட்டுப்பாடு இருந்த நாட்களில், அந்தப் பெட்டிகள் உயிர் காத்தன என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் இந்த ஊசிகள் குளிசைகள் அல்ல. திறக்காத ஒசெம்பிக் பேனாவை 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்க வேண்டும். பாவிக்கத் தொடங்கிய பின்னரும் 30 பாகைக்கு மேற்படாமல் 56 நாட்களே வைத்திருக்கலாம். உறைந்தால் எறிந்துவிட வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில் யாழ்ப்பாணத்து அறையொன்று 30 பாகையைக் காலையிலேயே தாண்டிவிடும். கொழும்பிலிருந்து ஏ-9 வீதியால் பேருந்தில் வரும் பொதிக்குள் என்ன வெப்பம் என்பதை எவரும் அளப்பதில்லை. 2022 இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு நிலவியதை எண்ணினால், வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் எக்காலத்துக்கும் உத்தரவாதமன்று. வெப்பத்தில் கெட்ட மருந்து பெரும்பாலும் பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும் என்பதுதான் இதிலுள்ள வஞ்சகம்.

போலிகளும் உலாவுகின்றன. 2023 இல் பிரேசில், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் போலி ஒசெம்பிக் கண்டுபிடிக்கப்பட்டதையடுத்து, 2024 ஜூனில் உலக சுகாதார ஸ்தாபனம் எச்சரிக்கை விடுத்தது. வர்த்தகப் பெயர் அச்சிட்ட பெட்டியே தரத்துக்குச் சான்றாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. "மூலிகை" என்ற பெயரில் விற்கும் மெலிவுத் தேநீரும் கோப்பியும் தனிக்கதை. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010 இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கப்பட்ட சிபுட்ரமின் என்னும் மருந்து, இத்தகைய பொருட்கள் பலவற்றில் மறைத்துக் கலக்கப்பட்டிருந்தது ஆய்வுகூடங்களில் மீண்டும் மீண்டும் தெரியவந்துள்ளது.

முஸ்லிம் வாசகர்கள் இரு கேள்விகளை எழுப்பக்கூடும். நோவோ நோர்டிஸ்க்கின் செமகுளூட்டைட்டும் லிரகுளூட்டைட்டும் விலங்கிலிருந்து பெறப்படுவன அல்ல. மதுவம் எனப்படும் நுண்ணுயிரின் துணைகொண்டு தயாராகின்றன. டிர்செபடைட் இரசாயன முறையில் தொகுக்கப்படுவது. ஒர்லிஸ்டற்றின் உறை பெரும்பாலும் ஜெலற்றினால் ஆனது என்பதால், அது எதிலிருந்து பெறப்பட்டது என்று விசாரிப்பது நியாயமே. நோன்பைப் பொறுத்தவரை, போஷாக்குக்காக அல்லாத, தோலின் கீழ் ஏற்றும் ஊசி நோன்பை முறிக்காது என்று சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி 1997 இல் தீர்மானித்தது. மார்க்கத் தெளிவு வேண்டுவோர் தமது உலமாக்களிடம் கேட்டறியலாம். மருத்துவச் சிக்கல் வேறு. இந்த ஊசி ஏற்றிய தொடக்க வாரங்களில் குமட்டலும் வாந்தியும் இயல்பு. நீரின்றிப் பகல் முழுவதும் இருப்பவருக்கு அது சிறுநீரகத்தைத் தாக்கும் அளவு நீரிழப்பாகலாம். ஆகவே றமழானில் புதிதாகத் தொடங்குவதையோ அளவைக் கூட்டுவதையோ வைத்தியரோடு கலந்தே தீர்மானிக்க வேண்டும். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதமிருக்கும் சைவர்களுக்கும் இது பொருந்தும்.

நிறுத்தினால் எடை திரும்பும் என்பதையும் விற்பவர்கள் சொல்வதில்லை. 2021 இல் வெளியான அதே செமகுளூட்டைட் ஆய்வின் தொடர்ச்சியில், ஊசியை நிறுத்திய ஓராண்டில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மூன்று மாதச் செலவுக்குக் கணக்குப் பார்த்துத் தொடங்குபவர் ஆண்டுகளுக்கான செலவைக் கணக்கிட வேண்டியவராகிறார். பொதுப்பெயர் வடிவத்தின் தேவை இங்குதான் பணக்காரரின் விருப்பம் என்ற நிலையைத் தாண்டுகிறது. யாழ். போதனா வைத்தியசாலையின் நீரிழிவுக் கிளினிக்கில் வரிசையில் நிற்பவரும் எட்டக்கூடிய விலையில், பதிவுபெற்ற மருந்தாக அது வரவேண்டும் என்பதே நமது நிலைப்பாடு.

அதுவரை ஒருவர் இந்த ஊசியை வாங்க நேர்ந்தால், பொதுப்பெயர் என்ன, ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவுபெற்றதா, தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் பெட்டியிலும் பேனாவிலும் ஒன்றாக உள்ளனவா, கடையில் குளிரூட்டியிலிருந்து எடுத்துத் தரப்பட்டதா எனப் பார்த்து, பற்றுச்சீட்டையும் பெற்றுக்கொள்ள வேண்டும். கருவுற்றோரும், கருவுற எண்ணி இரு மாதங்களுக்குள் இருப்போரும், குடும்பத்தில் மெடுலரி வகைத் தைரொயிட் புற்றுநோய் கண்டோரும் செமகுளூட்டைட்டை நாடலாகாது. ஏற்கெனவே கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளையோ இன்சுலினையோ பாவிப்பவர்கள், இந்த ஊசி தொடங்கும் அன்றே அவற்றின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று தமது வைத்தியரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்து இரத்தச் சீனியை மயக்கமுறும் அளவுக்குத் தாழ்த்திவிடக்கூடும்.