காசநோயும் இரத்தத்தில் மிகும் சுண்ணாம்புச் சத்தும்

காசநோய்க்கு மருந்து உண்டுவரும் அங்கத்தினர் ஒருவருக்குத் தாகம் அடங்கவில்லை, அடிக்கடி சிறுநீர் போகிறது, மலம் கட்டுகிறது, பசியும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். தறியிலோ வயலிலோ உழைப்பவர் இதைச் சூடு என்பார். வீட்டார் நீரிழிவு என்று ஐயுறுவர். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று அதையே நிறுத்திவிடுபவரும் உண்டு. அபூர்வமாக வேறொரு காரணமும் இருக்கலாம்: இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் அளவு மீறுதல்.

100 மில்லிலிட்டர் இரத்த நீரில் கால்சியம் ஏறக்குறைய 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருப்பதே இயல்பு. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் இதைக் காவல் காக்கின்றன. வெயிலாலும் உணவாலும் கிடைக்கும் வைட்டமின் டி, அச்சுரப்பிகளின் கட்டளைப்படி சிறுநீரகத்தில் முழு வீரியம் பெற்று, உணவிலுள்ள கால்சியத்தைக் குடலில் ஈர்க்கச் செய்கிறது. நுரையீரலில் காசநோய்க் கிருமியைச் சூழ்ந்து நிற்கும் தற்காப்பு அணுக்களும் இவ்வேலையைச் செய்யவல்லவை. ஆனால் அவை எக்கட்டளைக்கும் உட்பட்டவை அல்ல. நிர்வாகக் குழுவின் தீர்மானமின்றி ஒருவர் தாமே பட்டுவாடா செய்வது போன்றது இது என்றால் நம் சங்கத்தாருக்கு எளிதில் விளங்கும். கால்சியம் மிகுந்தால் சிறுநீரகம் நீரைத் தேக்கி வைக்க இயலாது போகிறது; உடல் வறள வறளக் கால்சியம் மேலும் ஏறுகிறது. முற்றினால் அறிவு கலங்கும், சிறுநீரகமும் கெடும்.

‘சத்துக்காக’ என்று கால்சியம் மாத்திரையையும் வைட்டமின் டியையும் கடையில் தாமே வாங்கி உண்பதுதான் நமக்குக் கவலை தருகிறது. 1940-களில் தோலில் வரும் காசநோய்க்கு வைட்டமின் டியையே பேரளவில் கொடுத்தனர். குணம் கண்டவர் பலர். கால்சியம் மிகுந்து துன்புற்றவரும் உண்டு. நுரையீரல் நோயாளி தாமே இச்சோதனையில் இறங்குவானேன்?

ஐயம் தோன்றினால், உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் எடுத்துச் சென்று டாக்டரிடம் காட்டுதல் வேண்டும். சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே உண்மை தெரிந்துவிடும். கால்சியம் மிகுந்திருப்பின் சத்து மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார். உடல் வறண்டிருந்தால் நரம்பு வழியே உப்புநீர் ஏற்றுவர். தேவையானால் வேறு மருந்தும் உண்டு. பாலைக் குறைப்பதா என்பதையும் அவரே சொல்லட்டும். காசநோய் மருந்தை மட்டும் எவரும் தாமாக நிறுத்தலாகாது. கிருமி ஒடுங்க ஒடுங்க அந்த அணுக்களின் வேலையும் ஓய்ந்து, கால்சியம் பழைய நிலைக்கு இறங்குவது அம்மருந்தினால்தான்.