நடுவில் நிற்பவருக்கு ஒரு பட்டப்படிப்பு

2000-ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல். ஃபுளோரிடா மாநிலத்தின் பாம் பீச் கவுண்டியில் முதியவர்கள் அதிகம். பொடி எழுத்து அவர்களுக்குச் சிரமம் என்று தேர்தல் அதிகாரி வாக்குச்சீட்டின் எழுத்தைப் பெரிதாக்கினார். வேட்பாளர் பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. எதிரெதிர்ப் பக்கங்களாகப் பிரித்து, துளையிடும் வரிசையை நடுவில் வைத்தார்கள். இடப்பக்கத்தில் அல் கோர் பெயர் இரண்டாவது. அவருக்கான துளையோ மூன்றாவது. இரண்டாவது துளை, வலப்பக்கத்தில் இருந்த பேட் புக்கானனுக்கு உரியது. அந்த கவுண்டியில் புக்கானனுக்கு 3,407 வாக்குகள் விழுந்தன. ஒன்றுக்கு மேல் துளையிட்டதால் செல்லாமல் போனவை 19,000-க்கும் மேல். மாநிலத்தில் கோரை ஜார்ஜ் புஷ் ஜெயித்த வித்தியாசம் 537 வாக்குகள்.

அதிகாரியின் எண்ணத்தில் பழுதில்லை. ஆனால் ஒரு சீட்டைப் பார்த்துச் சரி சொல்வது வேறு. வரிசையில் நின்று, உள்ளே போய், அவசரத்தில் அதைப் பயன்படுத்துவது வேறு. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம்தான் தகவல் வடிவமைப்பு என்ற படிப்பின் பாடம். படிவம், ரயில் அட்டவணை, மின்கட்டண ரசீது, மருத்துவமனை வழிகாட்டிப் பலகை எல்லாம் அதற்குள் வரும்.

இதைப் பட்டப்படிப்பு அளவில் முதலில் தீவிரமாக எடுத்துக்கொண்ட இடங்களில் ஒன்று, லண்டனுக்கு மேற்கே இருக்கும் ரெடிங் பல்கலைக்கழகம். அச்சு வரலாற்று அறிஞர் மைக்கேல் ட்வைமன் 1968-இல் அங்கே, அச்செழுத்துகளை அமைக்கும் கலையான டைப்போகிராஃபிக்கு இளங்கலைப் படிப்பைத் தொடங்கினார். 1974-இல் அது தனித் துறையானது. ஓவியப் பள்ளியில் இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பிறந்ததால், கைவேலை, வரலாறு, கோட்பாடு மூன்றும் முதல் ஆண்டிலிருந்தே ஒன்றாக நடக்கும். இன்று பட்டத்தின் பெயர் கிராஃபிக் கம்யூனிகேஷன். தகவல் வடிவமைப்பு அதன் முதுகெலும்பு.

ட்வைமன் 1979-இல் ஓர் அட்டவணை போட்டார். நான்கு கிடைவரிசை, ஏழு நெடுவரிசை, மொத்தம் 28 கட்டங்கள். மனிதர்கள் தாளில் செய்வதையெல்லாம் அதில் நிரப்பிப் பார்க்கலாம். சொல்லா, எண்ணா, படமா என்பது ஒரு பக்கம். அது வரியாக ஓடுகிறதா, பட்டியலா, கிளைவிடுகிறதா, கட்டம் கட்டமாக நிற்கிறதா என்பது மறுபக்கம். நாம் பழகிய பத்தி எழுத்து இந்த 28-இல் ஒரே ஒரு கட்டம்தான்! ரயில் அட்டவணைக்கு ஓர் இடம், வம்சாவளிக்கு வேறோர் இடம். நீளமான பத்தியாக எழுதி யாருக்கும் புரியாமல் போன விதிமுறையைக் கிளைவிடும் படமாக மாற்றலாமே என்று மாணவருக்குத் தோன்ற, இந்த அட்டவணை போதும். மென்பொருள் ஐந்தாண்டில் பழசாகிவிடும், இது ஆகவில்லை.

துறையின் பெரிய சொத்து, 1971-இல் வந்த ஒரு சேகரிப்பு. அதன் கதை பழையது. வியன்னாவில் 1925-இல் ஓட்டோ நோய்ராத் ஓர் அருங்காட்சியகம் நிறுவினார். வீட்டு வசதி, குழந்தை இறப்பு, வேலையின்மை போன்ற புள்ளிவிவரங்களைத் தொழிலாளர்களும் படிக்கும்படி படமாக்குவது அதன் வேலை. ஐசோடைப் என்று பின்னாளில் பெயர் பெற்ற அந்த முறையின் அடிப்படை விதி எளியது: தொகை இரட்டிப்பானால் பொம்மையைப் பெரிதாக்காதே, இரண்டு பொம்மை போடு. ஓவியர் கெர்ட் ஆர்ன்ட்ஸ் வெட்டிய குறியீடுகளை எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது மரீ ரைடெமைஸ்டரின் வேலை. நிபுணர் கொண்டுவரும் எண் குவியலிலிருந்து எதைச் சொல்வது, எதை விடுவது, எதை எதனோடு ஒப்பிடுவது என்று தீர்மானித்து, ஓவியரிடம் பென்சில் வரைவைக் கொடுப்பவர் அவர்தான். ஆங்கிலத்தில் அந்தப் பொறுப்புக்கு ‘டிரான்ஸ்ஃபார்மர்’ என்றே பெயர்.

1934-இல் வியன்னாவை விட்டு ஹாலந்து, 1940-இல் ஒரு சிறு படகில் இங்கிலாந்து என்று ஓடி வந்த ஓட்டோவும் மரீயும் அங்கேதான் மணந்துகொண்டார்கள். ஓட்டோ 1945-இல் இறந்த பிறகும் மரீ பணியை விடவில்லை. 1950-களில் மேற்கு நைஜீரிய அரசுக்காக வேலை செய்தபோது, ஐரோப்பாவில் பழகிப்போன குறியீடுகள் அங்கே எடுபடாது என்று கண்டு மனித உருவையும் வீட்டையும் மாற்றினார். இந்தப் பணிகளின் சேகரிப்பு முழுவதையும் அவர் ரெடிங்குக்குக் கொடுத்தார். மாணவர்கள் இறுதிப் படத்தை மட்டுமல்ல, அதற்கு முந்தைய பென்சில் கோடுகளையும் தொட்டுப் பார்க்கலாம். பழைய டிக்கெட், ரசீது, படிவம் போன்ற, யாரும் சேர்க்காத காகிதங்களுக்கும் அங்கே ஒரு தனி ஆய்வு மையம் உண்டு.

ரெடிங் படிப்பின் இன்னொரு பகுதி நிஜ வாடிக்கையாளர்களுக்கான வேலை. அதோடு சேர்ந்தது சோதனை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளை மக்களிடம் சோதித்துக் காட்டியாக வேண்டும். 20 பேரில் 16 பேராவது ஒவ்வொரு கேள்விக்கும் விடையைத் தாளில் தேடிக் கண்டுபிடித்துச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பது வழிகாட்டி அளவு. அழகுக்கு அதில் மதிப்பெண் இல்லை.

இந்தியாவில் தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்.ஐ.டி.யின் பெங்களூரு வளாகத்தில் தகவல் வடிவமைப்பு முதுகலைப் படிப்பாக இருக்கிறது. இளங்கலையில் பெரும்பாலும் கம்யூனிகேஷன் டிசைனுக்குள் ஒரு பாடமாக ஒதுங்கிவிடுகிறது. ஐ.ஐ.டி.களின் வடிவமைப்பு இளங்கலையான பி.டெஸ். படிப்புக்கான யுசீட் தேர்வில் படம் வரையச் சொல்லியும் கேட்கிறார்கள். கேட்கட்டும். கூடவே ஒரு வங்கிப் படிவத்தைக் கொடுத்து, இதில் எந்தக் கேள்வி தேவையில்லை, எது முதலில் வர வேண்டும் என்றும் கேட்டால், ஓவியம் வராத எத்தனையோ பிள்ளைகள் உள்ளே வருவார்கள்.