மாத்திரையைத் தோற்கடிக்கும் போதைப் பொடி!
எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இரட்டை ஆபத்து

போடிநாயக்கனூர்:

விடியும் முன்பே போடியில் ஜீப்புகள் கிளம்பிவிடும். ஆணும் பெண்ணும் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போவார்கள். திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும்.

தேனி மாவட்டம் ஒரு காலத்தில் எச்.ஐ.வி. அதிகம் உள்ள மாவட்டங்களின் பட்டியலில் இருந்தது. கிருமி இருந்தால் சாவுதான் என்று ஊரே நடுங்கிய காலம் அது. இன்று அப்படி இல்லை. 2004-ம் ஆண்டு முதல் அரசு ஆஸ்பத்திரிகளில் கூட்டு மருந்து இலவசம். தினம் தவறாமல் சாப்பிட்டால் கிருமி அடங்கிக் கிடக்கும். தோட்ட வேலை பார்க்கலாம், பிள்ளைகளைக் கரையேற்றலாம்.

இதைக் கெடுக்க வந்திருப்பதுதான் ஊக்க போதை. கோகைன், மெத்தம்பெட்டமின், எம்.டி.எம்.ஏ. எல்லாம் இந்த ரகம். மலைப்பக்கம் பேச்சில் அடிபடும் கஞ்சா வேறு, இது வேறு. இதை எடுத்தவனுக்குத் தூக்கம் வராது, பசிக்காது, களைப்பே தெரியாது.

இரண்டு மடங்கு!

நோயை எதிர்க்கும் காவல்காரன் ரத்தத்தில் உள்ள சி.டி.4 அணு. நல்ல உடம்பில் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் இருக்கும். 200-க்குக் கீழே போனால் அதுதான் எய்ட்ஸ்.

அமெரிக்காவின் மியாமியில் எச்.ஐ.வி. உள்ள போதைப் பழக்கக்காரர்கள் 222 பேரை 30 மாதம் கவனித்தார்கள். முடிவு 2009-ல் வெளியானது. 'கிராக்' கோகைன் புகைத்தவர்களுக்கு அணு 200-க்கு இறங்கும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மடங்கு! கூட்டு மருந்து சாப்பிட்டார்களா என்பதைக் கணக்கில் எடுத்த பிறகும் இதே கதைதான்.

காரணம் என்ன?

ஒன்று, மாத்திரை தவறுகிறது. இரண்டு ராத்திரி கண் விழிப்பவன் அடுத்த நாள் முழுக்க அடித்துப் போட்டாற்போல் கிடப்பான். "ஒரு நாள்தானே, என்ன ஆகப்போகுது?" என்பான். அது பல நாளாகும். கிருமி மறுபடி பெருகும். மருந்துக்கே அடங்காமல் போகலாம்.

இரண்டு, போதையே உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கிறது. கிருமி பெருக அது உதவுவதாகச் சோதனைக்கூட ஆய்வுகளும் சொல்கின்றன.

பயம் வேண்டாம்

தேனி அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் கூட்டு மருந்து மையம் இருக்கிறது. போதைப் பழக்கத்தை டாக்டரிடம் மறைக்க வேண்டியதில்லை. எச்.ஐ.வி. உள்ளவரின் ரகசியத்தைக் காக்கும் சட்டம் 2018 செப்டம்பர் முதல் அமலில் உள்ளது. 1097-க்குப் போன் செய்தால் காசில்லாமல் ஆலோசனை கிடைக்கும்.

போதையை விட முடியாத நாளிலும் மாத்திரையை மட்டும் விடக்கூடாது.