குறட்டைக்கு நடுவே ஓர் அமைதி

"அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறார்" என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். குறட்டைச் சத்தம் கூடம் வரை கேட்கும். திடீரென்று அது நிற்கும். பத்து நொடி, இருபது நொடி, சில சமயம் அரை நிமிடத்துக்கும் மேல். மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டுமே அறையில் இருக்கும். பிறகு தண்ணீருக்குள் முங்கி எழுந்தவரைப் போல ஒரு பெருமூச்சு, உடல் ஒருமுறை தூக்கிப்போடும், குறட்டை மறுபடி தொடங்கும். தூங்கியவருக்குக் காலையில் இதில் எதுவும் நினைவிருக்காது. பக்கத்தில் படுத்தவருக்குத்தான் தூக்கம் போயிருக்கும்.

குறட்டையைவிட, நடுவில் வரும் அந்த அமைதிதான் மருத்துவர்களுக்குக் கவலை. அந்த நொடிகளில் மூச்சு ஓடுவதில்லை. இதற்கு 'ஸ்லீப் ஆப்னியா' என்று பெயர். தூக்கத்தில் வரும் மூச்சுத்தடை. உலகில் 30 முதல் 69 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 93.6 கோடிப் பேருக்கு இது ஏதோ ஓர் அளவில் இருப்பதாக 2019-ல் வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது. இந்தியாவில் வேலை செய்யும் வயதினரில் சுமார் 10.4 கோடிப் பேர் என்று 2023-ல் டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது.

தொண்டையில் என்ன நடக்கிறது?

மூக்குக்கும் குரல்வளைக்கும் நடுவில் இருக்கும் பாதைக்கு எலும்பின் தாங்கல் கிடையாது. விழித்திருக்கும்போது தசைகள்தான் அதை விரித்துப் பிடித்திருக்கின்றன. தூங்கியதும் தசைகள் தளர்கின்றன, நாக்கு பின்னால் சரிகிறது. கழுத்தில் கொழுப்பு சேர்ந்தவர்கள், தாடை சிறியவர்கள், டான்சில் பெருத்தவர்கள் ஆகியோருக்குப் பாதை முதலிலேயே குறுகல். அதில் காற்று உரசிக்கொண்டு போனால் குறட்டை. முழுவதும் அடைத்துக்கொண்டால் மூச்சுத்தடை.

பரிசோதனைக் கூடத்தில் இரவு முழுக்கப் பதிவாகும் கோடுகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். மூக்கில் காற்று வருவதைக் காட்டும் கோடு தட்டையாகிவிடும். ஆனால் மார்பிலும் வயிற்றிலும் கட்டிய பட்டைகளின் கோடுகள் மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். மூடிய கதவை உடல் உள்ளிருந்து இழுத்துக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கோடு படிப்படியாகச் சரியும். கடைசியில் மூளை ஒரு கணம் விழித்துக்கொள்ள, பாதை திறக்கும்.

குறைந்தது பத்து நொடி நீடித்தால் ஒரு தடை என்று எண்ணுவார்கள். பாதி அடைபட்ட நிலைகளையும் சேர்த்து, மணிக்கு எத்தனை என்று கணக்கிடுவார்கள். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமையானது. மணிக்கு 60 என்றால் நிமிடத்துக்கு ஒருமுறை கழுத்தை நெரித்து விடுவதற்குச் சமம்.

இதயம் படும் பாடு

ஒவ்வொரு தடையின்போதும் இதயத்துக்கு மூன்று அடிகள் விழுகின்றன. ஆக்சிஜன் குறைவது முதலாவது. ஆபத்து என்று உணரும் நரம்பு மண்டலம் அட்ரினலினைப் பாய்ச்சுவது இரண்டாவது. ரத்தக்குழாய்கள் இறுகி, மூச்சு திரும்பும் தருணத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறும். மூன்றாவது வெளியே தெரியாதது. அடைத்த பாதைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது மார்புக்கூட்டுக்குள் ஓர் உறிஞ்சு விசை உருவாகிறது. அங்குள்ள அழுத்தம் வெளிக்காற்றைவிட 65 மி.மீ. பாதரசம் வரை குறையக்கூடும். மெல்லிய சுவர் கொண்ட இதய மேலறைகளை அந்த விசை இழுத்து விரிக்கிறது. இதயம் தாறுமாறாகத் துடிக்கும் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' நோய்க்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

சாதாரணமாக இரவில் ரத்த அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் இறங்கும். ரத்தக்குழாய்களுக்கு அதுதான் ஓய்வு. மூச்சுத்தடை உள்ளவர்களில் பலருக்கு அந்த இறக்கமே இருப்பதில்லை. பகலில் மருத்துவமனையில் அளந்தால் ஓரளவு சரியாக இருக்கும் அழுத்தம், இரவில் உயர்ந்தே இருக்கலாம்.

மூன்று மாத்திரை போட்டும் கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் உள்ள 41 பேரை டொரன்டோவில் பரிசோதித்தபோது, 83 சதவீதம் பேருக்கு மூச்சுத்தடை இருந்தது. 2001-ல் வெளிவந்த அந்தச் சிறிய ஆய்வுக்குப் பிறகு, 'மாத்திரைக்கு அடங்காத பி.பி.' என்றால் தூக்கத்தையும் விசாரிக்கும் வழக்கம் பரவியது.

சிட்னியில் ஓர் இரவு

1970-களில் கடுமையான மூச்சுத்தடைக்கு ஒரே நம்பகமான சிகிச்சை, கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பதுதான். அடைப்பு தொண்டையில் இருப்பதால் அதற்குக் கீழே வேறு வழி திறந்துவிடுவது. பகலில் மூடி, இரவில் திறந்துகொண்டு வாழவேண்டும். பலர் மறுத்துவிட்டார்கள்.

1980 ஜூனில் சிட்னியில் ஒரு கட்டடத் தொழிலாளிக்கும் அதே யோசனை சொல்லப்பட்டது. வேண்டாம் என்றவர், காலின் சலிவன் என்ற மருத்துவரின் சோதனைக்குச் சம்மதித்தார். டொரன்டோவில் நாய்களின் தூக்கத்தையும் மூச்சையும் ஆராய்ந்துவிட்டு வந்தவர் சலிவன். நாய்களின் மூக்குக்காகச் செய்த முகமூடிகள்தான் அவருக்கு இந்த யோசனையைத் தந்தன. தொண்டையைத் தசை தாங்காவிட்டால் காற்றே தாங்கட்டுமே என்பது அவர் எண்ணம். தூசி உறிஞ்சும் கருவியின் ஊதியைத் திருப்பிவைத்து, மூக்குத் துவாரங்களில் பொருத்திய குழாய் வழியாக மெல்லிய அழுத்தத்தில் காற்றை விடாமல் செலுத்தினார்.

அழுத்தம் கொஞ்சம் ஏறியதும் மூச்சுத்தடை நின்றது. அழுத்தத்தைக் குறைத்தால் திரும்பி வந்தது, கூட்டினால் மறுபடி போனது. தொலைத்திருந்த ஆழ்ந்த தூக்கத்துக்குள் அந்த நோயாளி விழுந்தார். காலையில் தெளிவாக எழுந்தார். ஐந்து நோயாளிகளிடம் கண்ட பலனை 1981 ஏப்ரலில் 'தி லான்செட்' இதழ் வெளியிட்டது. இன்று 'சி-பேப்' என்று அழைக்கப்படும் கருவியின் பிறப்பு அது.

ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தவர்கள்

தூக்கம் சரியானது, இதயம்? அதற்கு விடை தேடப் பல ஆண்டுகள் பிடித்தன.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் டெர்ரி யங் தலைமையிலான குழு, நோயாளிகளை விட்டுவிட்டு, வேலைக்குப் போய்வரும் சாதாரண மக்களையே பரிசோதித்தது. 30 முதல் 60 வயதுக்குள் ஆண்களில் 24 சதவீதம், பெண்களில் 9 சதவீதம் பேருக்கு மணிக்கு ஐந்து தடைகளாவது இருந்தன. அது 1993. அதே மக்களில் 709 பேரை நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, மணிக்கு 15-க்கு மேல் தடை இருந்தவர்களுக்கு ரத்தக்கொதிப்பு வரும் வாய்ப்பு, தடையே இல்லாதவர்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. எடை, வயது, புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கழித்த பிறகு வந்த கணக்கு இது.

ஸ்பெயினின் சரகோசாவில் ஆண்களைப் பத்து ஆண்டுகள் கவனித்தார்கள். சிகிச்சை எடுக்காத கடுமையான நோயாளிகளில் ஆண்டுக்கு ஆயிரத்தில் 21 பேருக்கு, உயிர் போகாத மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வந்தன. நோயற்றவர்களில் ஆயிரத்துக்கு 4 அல்லது 5. சி-பேப் போட்டுக்கொண்டவர்களில் 6 பேர் மட்டுமே. தடை இல்லாமல் வெறும் குறட்டை மட்டும் விட்டவர்களுக்கோ, உயிர் போகும் ஆபத்து நோயற்றவர்களை ஒட்டியே இருந்தது.

2005-ல் மின்னசோட்டாவின் மேயோ கிளினிக்கிலிருந்து இன்னொரு செய்தி. திடீர் இதய மரணம் பொதுவாக விடிந்த பிறகுள்ள காலை நேரத்தில்தான் அதிகம். ஆனால் அப்படி இறந்த மூச்சுத்தடை நோயாளிகளில் 46 சதவீதம் பேர் நள்ளிரவுக்கும் காலை ஆறு மணிக்கும் இடையில் இறந்திருந்தார்கள். தடை இல்லாதவர்களில் அது 21 சதவீதம்.

கைவிரித்த பெரிய ஆய்வு

இத்தனை சான்றுகளிலும் ஓர் ஓட்டை உண்டு. தினமும் இரவு முகமூடியை மாட்டிக்கொள்ளும் பொறுமை உள்ளவர், மாத்திரையையும் தவறாமல் போடுவார்; நடைப்பயிற்சியும் போவார். காப்பாற்றியது கருவியா, அவருடைய ஒழுங்கா? அதைத் தெரிந்துகொள்ளக் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரிக்க வேண்டும்.

'சேவ்' என்ற ஆய்வு அதைத்தான் செய்தது. சீனா, ஆஸ்திரேலியா, இந்தியா உள்பட ஏழு நாடுகள். ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களில், மூச்சுத்தடையும் உள்ள 2,717 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை, மீதிப் பேருக்கு அதோடு சி-பேப். சராசரியாக 3.7 ஆண்டுகளுக்குப் பின், 2016-ல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் போன்றவை கருவி போட்டவர்களில் 17 சதவீதம் பேருக்கு, போடாதவர்களில் 15.4 சதவீதம் பேருக்கு. கருவியால் இதயத்துக்குப் பாதுகாப்பு என்று சொல்ல முடியவில்லை. பகல் தூக்கமும் குறட்டையும் குறைந்தன, மனநிலை மேம்பட்டது. அவ்வளவுதான்.

இதய நிபுணர்கள் பலர் திகைத்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு விவரம் கண்ணில் பட்டது. கருவி போட்டவர்கள் ஓர் இரவுக்குச் சராசரியாக அதை அணிந்தது 3.3 மணி நேரம்தான். மீதித் தூக்கம் பழையபடி மூச்சுத்தடையோடு கழிந்தது. இன்னொன்று, பகலில் கண் சொருகும் அளவுக்குத் தூக்கம் வருகிறவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை. அவர்களுக்குச் சிகிச்சையை மறுப்பது நியாயமல்ல. அதிகப் பலன் கிடைக்கக்கூடியவர்கள் ஒருவேளை அவர்களாகவே இருக்கலாம்.

2023-ல் 'சேவ்' உள்ளிட்ட மூன்று ஆய்வுகளின் 4,186 பேருடைய விவரங்களை ஒன்றாகக் கோத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் இரவுக்கு நான்கு மணி நேரமாவது அணிந்தவர்களுக்கு ஆபத்து சுமார் 31 சதவீதம் குறைவாக இருந்தது. ஒழுங்குள்ளவர் பற்றிய பழைய சந்தேகம் இங்கேயும் முழுதாக விலகவில்லை என்றாலும், நேரக் கணக்கு முக்கியம் என்பதை மருத்துவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

எல்லா மூச்சுத்தடையும் ஒன்றல்ல என்ற பாடமும் இடையில் வந்தது. இதயம் பலவீனமானவர்களுக்குத் தொண்டை திறந்திருந்தும், 'மூச்சு விடு' என்ற கட்டளையே மூளையிலிருந்து வராமல் தடைபடுவது உண்டு. இந்த வகையைச் சரிசெய்யும் வேறொரு காற்றழுத்தக் கருவியை 1,325 இதயச் செயலிழப்பு நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2015-ல் வந்த முடிவில், தடை நீங்கியது. ஆனால் இதய மரணம் 24 சதவீதத்திலிருந்து 29.9 சதவீதமாகக் கூடியிருந்தது. தெரிந்தவர் வீட்டுக் கருவியை இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பது ஏன் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

தூக்கமே வராதவர்கள்

மூச்சுத்தடையை மட்டும் பார்த்தால் போதாது. நார்வேயில் 52,610 பேரைப் பதினொரு ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், ஏறத்தாழ தினமும் தூக்கம் வரத் தாமதமாகிறது என்றவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து 45 சதவீதம் அதிகமாக இருந்தது. இதயநலத்துக்கு ஏழு அளவுகோல்களை வைத்திருந்த அமெரிக்க இதயச் சங்கம், 2022-ல் எட்டாவதாகத் தூக்கத்தைச் சேர்த்தது. வயது வந்தவர்களுக்கு ஏழு முதல் ஒன்பது மணி நேரம் என்பது அதன் கணக்கு.

யார் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்?

டொரன்டோவின் பிரான்சிஸ் சங் குழு 2008-ல் உருவாக்கிய எட்டுக் கேள்விகள் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கின்றன. பலத்த குறட்டை உண்டா? பகலில் சோர்வா? மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா? ரத்தக்கொதிப்பு உண்டா? உடல் பருமன் அதிகமா? ஐம்பதைத் தாண்டியவரா? கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.-க்கு மேலா? ஆணா? மூன்றோ அதற்கு மேலோ 'ஆம்' வந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. ஒல்லியானவர்களுக்கும் பெண்களுக்கும், குறிப்பாக மாதவிடாய் நின்றவர்களுக்கும், இந்த நோய் வரும். பெண்கள் குறட்டையைவிடச் சோர்வு, தலைவலி, தூக்கமின்மை என்றே சொல்வதால் தவறிப்போவது அதிகம்.

இந்த விஷயத்தில் மருத்துவருக்கு முதல் சாட்சி பக்கத்தில் படுப்பவர்தான். இரவில் கைப்பேசியில் எடுத்த இரண்டு நிமிட வீடியோ, நோயாளி சொல்லும் கதையைவிடப் பயன்படும். பரிசோதனையை மருத்துவமனையில் ஓர் இரவு தங்கியும் செய்யலாம். பலருக்குச் சிறு கருவியைக் கொடுத்து வீட்டிலேயே பதிவு செய்யச் சொல்வதும் உண்டு.

கருவியும் மற்ற வழிகளும்

எடை முதலில். எடையில் பத்து சதவீதம் குறைந்தால் தடைகள் கால்பங்கு குறைவதாகவும், பத்து சதவீதம் கூடினால் மூன்றில் ஒரு பங்கு கூடுவதாகவும் விஸ்கான்சின் மக்களிடம் கண்டார்கள். உடல் பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடை உள்ளவர்களுக்கு 'டிர்செபடைட்' ஊசி மருந்தை அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் அனுமதித்தது. மல்லாந்து படுக்கும்போது மட்டும் தடை வருபவர்களுக்கு ஒருக்களித்துப் படுப்பதே பெரிய உதவி. இரவில் மது தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்தும். மருத்துவரைக் கேட்காமல் போடும் தூக்க மாத்திரையும் ஆபத்து. லேசான நோய்க்குக் கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல்செட் போன்ற சாதனங்களைப் பல் மருத்துவர்கள் செய்து தருகிறார்கள்.

கடுமையான நோய்க்கு இன்றும் சி-பேப்தான் முதல் தேர்வு. ரத்த அழுத்தத்தை அது குறைப்பது சராசரியாக இரண்டு மூன்று புள்ளிகள்தான், பி.பி. மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. முதல் வாரங்களில் மூக்கு வறட்சி, முகமூடி ஓரத்தில் காற்றுக் கசிவு, மூச்சடைப்பது போன்ற பயம் எல்லாம் வரும். ஈரப்பதமூட்டியும், முகத்துக்குப் பொருந்தும் அளவும் இருந்தால் பாதித் தொல்லை தீரும். பகலில் தொலைக்காட்சி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிப் பழகச் சொல்கிறார்கள். ஒவ்வோர் இரவும் எத்தனை மணி நேரம் அணிந்தார் என்பதைக் கருவியே பதிவு செய்துகொள்ளும். மறுமுறை போகும்போது மருத்துவர் முதலில் திறந்து பார்ப்பது அந்தப் பதிவைத்தான்.